ஜனவரி முதல் பதினொரு நாள்: பள்ளிப் பலகையில் எதை எழுத வேண்டும்?

காங்கேயம் வாத்தியார்:

வணக்கமுங்க. அரையாண்டு விடுமுறை முடிந்து வருகிற திங்கள்கிழமை, 2026 ஜனவரி 5-ஆம் தேதி, பள்ளி திறக்கிறோம். காலை வழிபாட்டில் 'வரலாற்றில் இன்று' என்று இரண்டு மூன்று செய்திகளை ஒரு மாணவர் வாசிப்பார். அதையே வாசலில் இருக்கும் கரும்பலகையிலும் எழுதி வைப்போம். விடுமுறையில் போன நாட்களுக்கும் சேர்த்து முதல் நாளே எழுதிவிடுவது எங்கள் வழக்கம். நான் எடுத்து வைத்திருப்பது இது.

ஜனவரி 1: 1801-இல் இத்தாலியின் பலெர்மோவில் பியாஸி சீரிஸ் குறுங்கோளைக் கண்டார், 1894-இல் சத்தியேந்திரநாத் போஸ் பிறந்தார், 2000-இல் கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. 3: சாவித்திரிபாய் பூலே பிறப்பு, 1831. 4: நியூட்டன் பிறப்பு, 1643, லூயி பிரெயில் பிறப்பு, 1809. 6: ஏ.ஆர். ரகுமான் பிறப்பு, 1967. 7: கலிலியோ வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்தது, 1610. 8: கலிலியோ மறைவு, 1642, அதே நாளில் 300 ஆண்டு கழித்து ஸ்டீபன் ஹாக்கிங் பிறப்பு. 9: காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியது, 1915. 10: தாஷ்கண்ட் ஒப்பந்தம், 1966. 11: திருப்பூர் குமரன் மறைவு, 1932; லால் பகதூர் சாஸ்திரி மறைவு, 1966.

நம்ம கொங்குப் பக்கத்துச் செய்தி குறைவாக இருப்பது எனக்கே தெரிகிறது. விட்டுப்போனதைச் சொல்லுங்க.

நொய்யல்கரை:

பட்டியலில் உழைப்பு தெரிகிறது வாத்தியாருங்க. ஆனால் இந்த முறையையே நான் எதிர்க்கிறேன். ஜனவரி 1-இல் சீரிஸ், போஸ், வள்ளுவர் சிலை மூன்றும் வரிசையாக நிற்கின்றன. மூன்றுக்கும் என்ன உறவு? நாட்காட்டியில் ஒரே கட்டத்தில் விழுந்தன, அதற்கு மேல் ஒன்றுமில்லை. பிள்ளைகள் காலையில் கேட்டு மத்தியானம் மறந்துவிடுவார்கள்.

குமரனுக்கு நீங்கள் கொடுத்திருப்பது ஒரு வரி. நான் திருப்பூர்க்காரன், குமரன் ரோட்டில் தினமும் போய் வருகிறவன். கொடியைப் பிடித்தார், அடி வாங்கினார், இறந்தார் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஏன் அந்த ஜனவரியில் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவர்கூடச் சொல்லமாட்டார். தேதியை மட்டும் கொடுத்துக் கொடுத்து நாம் வளர்த்த பழக்கம் இது.

அந்த ஜனவரியை நாள் நாளாகப் பாருங்க. 1931 டிசம்பர் 26-இல் நேரு கைதாகிறார். 28-ஆம் தேதி லண்டன் வட்டமேசை மாநாட்டிலிருந்து வெறுங்கையோடு காந்தி பம்பாயில் வந்து இறங்குகிறார். வைஸ்ராய் வில்லிங்டன் அவரைச் சந்திக்கவே மறுக்கிறார். காங்கிரஸ் காரியக் கமிட்டி சட்டமறுப்பை மறுபடியும் தொடங்க முடிவெடுக்கிறது. ஜனவரி 4, திங்கட்கிழமை, விடியும் முன்பே காந்தி கைது. காங்கிரஸ் தலைவராக இருந்த வல்லபபாய் படேலும் அன்றே கைது. அவசரச் சட்டங்கள் வருகின்றன, காங்கிரஸ் அமைப்புகள் தடை செய்யப்படுகின்றன, கூட்டம் போடுவதும் ஊர்வலம் போவதும் குற்றமாகின்றன. அந்தத் தடையை மீறித்தான் ஜனவரி 10, ஞாயிற்றுக்கிழமை, திருப்பூரில் பி.எஸ். சுந்தரம் தலைமையில் தொண்டர்கள் கொடியோடு புறப்பட்டார்கள். போலீஸ் தடியடி. மண்டை உடைந்து கீழே விழுந்தபோதும் குமரன் கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் போயிற்று. வயது 27.

பம்பாயில் நடந்ததற்குத் திருப்பூர் ஆறே நாளில் பதில் சொன்னது. இதைத்தான் பலகையில் எழுத வேண்டும். ஒரே தேதியில் நானூறு ஆண்டுகளை அடுக்காதீர்கள். ஒரே ஆண்டின் பத்து நாளை அடுக்குங்கள்.

கோபி போட்டித்தேர்வு:

அண்ணா, நீங்கள் சொன்னது படிக்க நன்றாக இருக்கிறது. நான் டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிறேன். அங்கே நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். வாத்தியார் போடுகிற பட்டியல்தான் எங்களுக்கு உதவுகிறது. பள்ளியில் காலையில் கேட்ட தேதிகள் இன்றைக்கும் என் மனதில் நிற்கின்றன. அரசுப் பள்ளியில் படித்து வருகிறவர்களுக்குப் பொது அறிவு நூல் வாங்கக் காசு இருக்காது. பலகை இலவசம். அதைக் குறைத்துப் பேசாதீர்கள்.

காங்கேயம் வாத்தியார்:

தம்பி சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நொய்யல்கரை ஐயா, வழிபாட்டில் எங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். வெயிலில் நிற்கிற எட்டாம் வகுப்புப் பையனிடம் வில்லிங்டன் பிரபுவின் கொள்கையை விளக்க முடியாது. "இன்றைக்குத்தான், இதே நாளில்" என்று சொன்னால் நிமிர்ந்து பார்க்கிறான். அவனுக்கும் பிறந்தநாள் இருக்கிறது, அதனால் பிறந்தநாள் என்பது புரிகிறது. பிரெயிலின் கதையை ஜனவரி 4-இல் சொன்னால் ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கு அது தன் கதையாகிவிடுகிறது. மூன்று வயதில் அப்பாவின் சேணப் பட்டறையில் குத்தூசி கண்ணில் பட்டுப் பார்வை போன பையன், பதினைந்து வயதில் ஆறு புள்ளிகளால் ஒரு எழுத்துமுறையையே அமைத்தான் என்று கேட்கும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அவர் இறந்ததும் இதே வாரம்தான், 1852 ஜனவரி 6.

இன்னொன்று. குமரனை ஊர் ஏன் மறக்கவில்லை? ஆண்டுதோறும் நினைவு நாள் வருவதால்தான். அன்றைக்கு மாலை போடுகிறார்கள், பள்ளியில் பேச்சுப்போட்டி வைக்கிறார்கள். காரணங்களுக்கு யாரும் மாலை போடுவதில்லை. தேதி இருந்தால்தான் ஒரு ஊர் ஒரு நாளாவது நின்று திரும்பிப் பார்க்கும்.

பவானி கூடுதுறை:

நான் அறிவியல் ஆசிரியை. வரலாற்றுச் சண்டைக்குள் வரவில்லை. ஆனால் பட்டியலில் நியூட்டனும் கலிலியோவும் இருப்பதால் பேசியே ஆக வேண்டும்.

"கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்" என்று நம் பிள்ளைகளுக்கு ஆண்டாண்டாகச் சொல்லி வருகிறோம். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8. அது இத்தாலி அப்போதே ஏற்றிருந்த, இன்று நாமும் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. அது இங்கிலாந்து அப்போது விடாமல் வைத்திருந்த பழைய ஜூலியன் நாட்காட்டி. இரண்டுக்கும் அந்த நூற்றாண்டில் பத்து நாள் வித்தியாசம். ஒரே நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் நியூட்டன் 1643 ஜனவரி 4-இல் வருகிறார், ஆண்டு மாறிவிடுகிறது. இத்தாலி, ஸ்பெயின் போன்ற கத்தோலிக்க நாடுகள் 1582-இலேயே அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 ஆக்கிவிட்டன. இங்கிலாந்து 1752 வரை பிடிவாதமாக இருந்து, அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை 14 என்று வைத்தது. 1751 வரை அங்கே சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல்.

நீங்கள் நியூட்டனுக்கு 4 என்று போட்டது சரி. ஆனால் பக்கத்தில் "பழைய கணக்கில் டிசம்பர் 25" என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் அன்று பிறந்தார் என்று வேறெங்கோ படித்த பிள்ளை குழம்பிப் போகும்.

ஹாக்கிங் விஷயத்தில் நொய்யல்கரை பக்கம்தான் நான். கலிலியோ இறந்த 300-ஆவது ஆண்டு நாளில் பிறந்ததைப் பற்றி ஹாக்கிங்கே எழுதியிருக்கிறார்: அன்றைக்கு இன்னும் சுமார் இரண்டு லட்சம் குழந்தைகளும் பிறந்திருக்கும் என்று. அதைப் பெருமையாக வழிபாட்டில் வாசிப்பது பிள்ளைகளுக்கு ஜாதகப் பொருத்தம் கற்றுக்கொடுப்பதில் போய் முடியும்.

சூலூர் லேத்:

ஏனுங்க வாத்தியாரே, ஜனவரி 4-இல் நியூட்டன் இருக்கிறார், பிரெயில் இருக்கிறார். ஜி.டி. நாயுடு எங்கே? 1974 ஜனவரி 4-இல் இறந்தவர் அவர். கலங்கலில் பிறந்தார், எங்கள் சூலூருக்குப் பக்கம். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் ஓட்ட ஆரம்பித்தார். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரைச் செய்தார். சவரக் கத்தி செய்தார், ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம் செய்தார். இன்றைக்கு ஜிசிடி என்று சொல்கிற கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு 1945-இல் வித்திட்டவர். அவிநாசி ரோட்டு மேம்பாலத்துக்கே அவர் பெயர்தான். காங்கேயத்தில் ஒரு பள்ளிப் பலகையில் அவருக்கு இடம் இல்லையென்றால் எனக்குப் பொறுக்கவில்லை.

நொய்யல்கரை:

ஜி.டி. நாயுடு கட்டாயம் வேண்டும். ஆனால் அண்ணா, அவர் இறந்த நாளில் எழுதினால் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? 1937 மோட்டாரை எடுங்கள். அது ஏன் கோயம்புத்தூரில் நடந்தது, வேறெங்கும் இல்லை? 1932-இல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. மின்சாரம் கோவைக்கு இறங்கியது. பஞ்சாலைகள் பெருகின. நம்ம ஊர் வானம் பார்த்த பூமி, கிணறு ஆழம். கவலை ஏற்றம் கட்டி மாட்டை வைத்து இறைத்துக்கொண்டிருந்த குடியானவனுக்கு மின்சாரம் வந்ததும் மோட்டார் தேவைப்பட்டது. தேவையும் மின்சாரமும் இரும்பு வேலை தெரிந்த கைகளும் ஐந்தாறு ஆண்டுக்குள் ஓரிடத்தில் கூடின. அதில் நாயுடுவும் பாலசுந்தரமும் நின்றார்கள். இதைச் சொன்னால் உங்கள் லேத் பட்டறை எங்கிருந்து வந்தது என்று உங்கள் பையனுக்கே தெரியும். "ஜனவரி 4, மறைவு" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது.

சூலூர் லேத்:

காரணம் எல்லாம் சரிதான். ஆனால் ஒரு மனிதனின் பெயரை ஒரு நாளாவது உரக்கச் சொல்ல வேண்டும். மோட்டார் செய்த தேதி யாருக்காவது தெரியுமா? ஆண்டுதான் தெரியும். ஆண்டைப் பலகையில் எந்த நாளில் எழுதுவது? எழுத நாள் இல்லாததால்தான் நம்ம ஊர்த் தொழில் வரலாறு எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. இறந்த நாள் ஒன்று கையில் இருக்கிறது, அதை ஏன் விட வேண்டும்?

நாமக்கல் அக்கா:

நான் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். ஜனவரி 1-இல் எங்கள் ஊருக்கும் ஒரு செய்தி உண்டு. சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம் தனியாகச் செயல்படத் தொடங்கியது 1997 ஜனவரி 1. காங்கேயத்துப் பிள்ளைக்கு அது எதற்கு என்று கேட்கலாம். பலகையில் பேர் போன மனிதர்களின் பிறப்பு இறப்பு மட்டும் இருந்தால், வரலாறு என்றால் அதுதான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். பரமத்தியிலிருந்தோ சேந்தமங்கலத்திலிருந்தோ கலெக்டரிடம் மனு கொடுக்கச் சேலத்துக்குப் பஸ் ஏறிய சனங்களுக்கு அன்றிலிருந்து நாமக்கல் போதும் என்று ஆனது. ஒரு குடும்பத்தின் அரை நாள் கூலி மிச்சமாவதும் வரலாறுதான். காங்கேயமே 2009 வரை ஈரோடு மாவட்டத்தில் இருந்து, பிறகு திருப்பூருக்கு வந்த ஊர். உங்கள் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் எந்த மாவட்டத்தின் பெயரில் வருகின்றன என்பதில் தொடங்கினால் அவர்கள் கேட்பார்கள்.

நொய்யல்கரை சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. காரணம் காரணம் என்று போனால் கடைசியில் எல்லாம் டெல்லியிலும் லண்டனிலும் போய் முடியும். ஊருக்கென்று ஒரு நாள் இருக்கட்டும்.

பவானி கூடுதுறை:

ஊருக்கென்று நாள் என்று அக்கா சொன்னதும் கலிங்கராயன் நினைவு வந்தது. பவானி ஆற்றில் அணை கட்டி, கொடுமுடிப் பக்கம் வரை வாய்க்கால் வெட்டி 1283-இல் முடித்தார். நாங்கள் அவர் நாளாகக் கொண்டாடுவது தை 5. இப்போது அது ஜனவரி 18, 19 வாக்கில் வருகிறது, அதனால் வாத்தியாரின் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. ஆனால் தை முதல் தேதி ஜனவரி 14-இல் நிலையாக நிற்பதில்லை. சுமார் எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிக்கொண்டே போகிறது. நம் பஞ்சாங்கம் சூரியனை விண்மீன்களை வைத்துக் கணக்கிடுகிறது. ஆங்கில நாட்காட்டி பருவத்தை வைத்துக் கணக்கிடுகிறது. இரண்டுக்கும் ஆண்டுக்கு இருபது நிமிடம்போல வித்தியாசம். விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள். இப்போது அதே சங்கராந்தி 14 அல்லது 15-இல் வருகிறது. இப்படியே பின்னால் போய், அந்தக் கால ஐரோப்பிய ஜூலியன் கணக்கில் பார்த்தால் 1283-இன் தை 5 டிசம்பர் முடிந்து ஜனவரி பிறக்கும் சமயத்தில் விழுகிறது.

அதனால் தேதி வேண்டுமா வேண்டாமா என்று பேசுவதற்கு முன்பு, எந்த நாட்காட்டித் தேதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அது ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தப் போதுமான விஷயம். எங்கள் பக்கத்தில் பல பெரியவர்களுக்குச் சான்றிதழில் ஒரு தேதி, வீட்டில் கொண்டாட ஒரு நட்சத்திரம். பள்ளியில் சேர்க்கும்போது வயதைப் பார்த்து ஆசிரியரே போட்ட தேதி பலருக்கு இன்றும் ஆதார் அட்டையில் இருக்கிறது. நாம் போட்ட தேதிகளே அப்படி என்றால், பாளையக்காரர் காலத்துப் பிறந்தநாட்களை எல்லாம் ஆங்கிலத் தேதியில் சந்தேகமே இல்லாமல் எழுதி வைப்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

கோபி போட்டித்தேர்வு:

மேடம், இத்தனையும் சொன்னால் பரீட்சையில் எதைக் குறிப்பது? குமரனுக்கே ஓரிடத்தில் 10 என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் 11 என்று இருக்கிறது.

நொய்யல்கரை:

தம்பி, அடிபட்டது 10. இறந்தது 11. இரண்டும் சரி, கேள்வி எதைப் பற்றியது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். பிறந்தது 1904 அக்டோபர் 4, சென்னிமலையில். நெசவுக் குடும்பம். அப்பா நாச்சிமுத்து, அம்மா கருப்பாயி. அவர் பிடித்திருந்த கொடி முந்திய ஆண்டு, 1931-இல், காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட மூவர்ணக் கொடி. நடுவில் ராட்டை. அசோகச் சக்கரம் வந்தது 1947-இல். பேச்சுப்போட்டிக்கு வரைகிற படங்களில் குமரன் கையில் சக்கரம் போட்ட கொடியைக் கொடுத்துவிடுகிறார்கள். சென்னிமலை நெசவாளி வீட்டுப் பிள்ளை, கதருக்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய மையமாக இருந்த திருப்பூருக்கு வந்து, ராட்டை போட்ட கொடிக்காக உயிர் விட்டார். அந்த ராட்டையை எடுத்துவிட்டுப் படம் வரைந்தால் கதையின் பாதி போய்விடுகிறது.

நீ தேதியை மனப்பாடம் செய்வதில் எனக்கு வருத்தம் இல்லை. நான்கில் ஒன்றைக் குறிக்க அது போதும். ஆனால் 4-ஆம் தேதி பம்பாய், 10-ஆம் தேதி திருப்பூர் என்று சேர்த்து வைத்துக்கொண்டால் இரண்டுமே மறக்காது. கோர்வை இருந்தால் தேதி தானாக நிற்கும்.

இன்னொரு விஷயமும் என்னை உறுத்துகிறது. அன்றைக்கு ஊர்வலத்தில் சுந்தரமும் இருந்தார், மற்ற தொண்டர்களும் இருந்தார்கள், அவர்களும் அடி வாங்கினார்கள். 'மறைவு: திருப்பூர் குமரன்' என்ற வரியில் அவர்களுக்கு இடமே இல்லை. தேதிப் பட்டியல் இறந்தவரை மட்டும் தாங்கும். அடிபட்டு உயிரோடு வீடு திரும்பியவர்களை அது கீழே விட்டுவிடும். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் எங்கள் ஊரில் பனியன் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

காங்கேயம் வாத்தியார்:

அந்த வரியில் சுந்தரத்தின் பெயரைச் சேர்த்துவிடுகிறேன். தொண்டர்களையும் சேர்க்கிறேன்.

ஆனால் ஐயா, நீங்கள் தேதிப் பட்டியலையே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. சாவித்திரிபாய் பூலேவை எடுத்துக்கொள்ளுங்கள். புனேயில் 1848-இல் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். எங்கள் பள்ளியில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். பாடப்புத்தகத்தில் அவர் பெயர் எந்தப் பக்கத்தில் வரும் என்று காத்திருந்தால் அது ஆண்டுக் கடைசிக்குப் போய்விடும், அதற்குள் ஒரு பிள்ளை படிப்பை நிறுத்தியிருக்கும். ஜனவரி 3 என்று ஒரு சாக்கு இருப்பதால் நான் அவரைப் பற்றி விடுமுறை முடிந்த முதல் நாளே பேசலாம். நாள் எனக்குக் கதவைத் திறந்து கொடுக்கிறது. உள்ளே போய் எவ்வளவு பேசுவது என்பது ஆசிரியர் கையில் இருக்கிறது.

பவானி கூடுதுறை:

வாத்தியார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நொய்யல்கரை சொன்ன முறைக்கு என் பாடத்திலிருந்தே ஒரு சாட்சி சொல்கிறேன். 'ஜனவரி 7: கலிலியோ துணைக்கோள்களைக் கண்டார்' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அவர் கண்டது மூன்று ஒளிப்புள்ளிகள். வியாழனுக்குக் கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. சாதாரண விண்மீன் என்றே நினைத்தார். 8-ஆம் தேதி இரவு பார்த்தால் மூன்றும் மேற்கே. 9-ஆம் தேதி மேகம் மூடிவிட்டது. 10-ஆம் தேதி இரண்டுதான், அதுவும் கிழக்கே. விண்மீனாக இருந்தால் இப்படி இடம் மாறாது என்று அவருக்குப் பிடிபட்டது. 13-ஆம் தேதி நான்காவதும் தெரிந்தது. ஐஓ, யூரோப்பா, கானிமீடு, கலிஸ்டோ என்று இன்று நாம் சொல்லும் நான்கும் அவைதான். பூமியைச் சுற்றாமல் வேறொன்றைச் சுற்றும் பொருட்கள் வானத்தில் உண்டு என்பது ஒரு இரவில் தெரிந்த விஷயம் இல்லை, ஒரு வாரம் விடாமல் பார்த்ததில் தெரிந்தது. ஒரே தேதியில் அடைத்தால் அறிவியல் எப்படி நடக்கிறது என்பதே காணாமல் போகிறது.

சீரிஸும் அப்படித்தான். 1801 ஜனவரி 1-இல் பியாஸி பார்த்தார், சில வாரம் தொடர்ந்து குறித்தார். பிறகு அது சூரியன் பக்கம் போய் மறைந்து, எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. 24 வயது ஜெர்மன் கணித அறிஞர் காஸ் கணக்குப் போட்டு இடத்தைச் சொன்னார். அந்த ஆண்டின் கடைசி நாளில், டிசம்பர் 31-இல், மறுபடியும் கண்டுபிடித்தார்கள். கண்டதைவிடத் தொலைத்துத் தேடியதுதான் பெரிய கதை.

இந்த 2026 ஜனவரி 10-ஆம் தேதி வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. சாயங்காலம் இருட்டியதும் கிழக்கே மிதுனத்தில் பளிச்சென்று தெரியும், விடிய விடிய இருக்கும். சாதாரண பைனாகுலரை அசையாமல் சுவரில் ஊன்றிப் பார்த்தாலே துணைக்கோள்கள் தெரியும். காங்கேயத்தில் ஊருக்கு வெளியே மேய்ச்சல் காட்டுப் பக்கம் வெளிச்சம் குறைவு. வாத்தியாரே, 7-ஆம் தேதி தொடங்கி 13 வரை பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் புள்ளி வைத்து வரையட்டும்.

சூலூர் லேத்:

பைனாகுலர் வைக்க ஸ்டாண்டு வேண்டுமென்றால் நான் செய்து தருகிறேன். இரும்புக் குழாயில் மூன்று கால் போதும். காசு வேண்டாம். ஜி.டி. நாயுடு பெயரை மட்டும் பலகையில் எழுதுங்கள்.

நாமக்கல் அக்கா:

பேச்சோடு பேச்சாக ஒன்றைக் கவனித்தீர்களா? 10-ஆம் தேதி சனிக்கிழமை, 11 ஞாயிற்றுக்கிழமை. குமரனுக்குப் பள்ளியே இல்லை. வெள்ளிக்கிழமை 9-ஆம் தேதியே எழுதியாக வேண்டும். அன்றைக்கு ஏற்கனவே காந்தி 1915-இல் திரும்பி வந்த செய்தி இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்.

காங்கேயம் வாத்தியார்:

அக்கா சொன்னது சரி. யோசித்துவிட்டேன். எங்களிடம் இரண்டு பலகை இருக்கிறது. வாசல் பலகையில் என் தேதிப் பட்டியல் இருக்கும், அதை நான் விடமாட்டேன். ஜனவரி 4-இல் ஜி.டி. நாயுடுவும் 1-இல் நாமக்கல் மாவட்டமும் சேர்ந்துவிட்டன. நியூட்டனுக்குப் பழைய கணக்கும் எழுதுகிறேன். நூலகத்துப் பலகையில் திங்கள் முதல் வெள்ளி வரை 1932 மட்டும். திங்கட்கிழமை காந்தி கைது, செவ்வாய் அவசரச் சட்டங்கள், புதன் சென்னிமலை நெசவும் கதரும், வியாழன் ராட்டைக் கொடி, வெள்ளி திருப்பூர் ஊர்வலம். வெள்ளிக்கிழமை வழிபாட்டில் வாசிப்பதும் குமரனைப் பற்றித்தான். காந்தி 1915 வாசல் பலகையில் எழுத்தோடு நிற்கட்டும்.

ஹாக்கிங்கும் இருப்பார். கலிலியோவோடு சேர்த்து எழுதமாட்டேன், தனி வரியில் எழுதுகிறேன்.

நொய்யல்கரை:

ஹாக்கிங்கைத் தனி வரியில் எழுதினாலும் பிள்ளைகள் மேல் வரியில் கலிலியோவின் தேதியைப் பார்த்துச் சேர்த்துப் படித்துக்கொள்ளத்தான் போகிறார்கள். எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. நூலகப் பலகைக்கு ஐந்து நாளுக்கும் தேவையானதை நான் எழுதித் தருகிறேன். செவ்வாய்க்கிழமைக்கு ஒரு மாற்றம் செய்யுங்கள். அவசரச் சட்டங்கள் என்று பொதுவாக எழுத வேண்டாம். கொடியைக் கையில் எடுத்து ரோட்டில் நடந்தாலே குற்றம் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை ஊர்வலத்தைப் பிள்ளைகள் படிக்கும்போது, அவர்கள் எதை மீறிப் புறப்பட்டார்கள் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கோபி போட்டித்தேர்வு:

வாத்தியார் ஐயா, நூலகப் பலகையைப் படம் எடுத்துத் தினமும் போட முடியுமா? எங்கள் படிப்பு வட்டத்தில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம்.

காங்கேயம் வாத்தியார்:

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் போடுகிறேன் தம்பி.